விழுங்க முடியாத பெண்கள்

1919ஆம் ஆண்டு, தொண்டை மருத்துவர்களுக்கான பிரிட்டிஷ் ஆய்விதழ் ஒன்றில் இரண்டு சின்னக் கட்டுரைகள் அடுத்தடுத்து அச்சாயின. முதலாவதை எழுதியவர் கிளாஸ்கோவின் ஆடம் பிரவுன் கெல்லி. இரண்டாவதை எழுதியவர் கார்டிஃப் நகரின் டொனால்ட் ராஸ் பேட்டர்சன். இருவரும் தனித்தனியாக ஒரே மாதிரியான நோயாளிகளைக் கவனித்திருந்தார்கள். கிட்டத்தட்ட எல்லோருமே பெண்கள், பெரும்பாலும் நடுவயதுக்காரர்கள். திட உணவு தொண்டைக்குக் கீழே இறங்கவில்லை என்பதுதான் அவர்களுடைய புகார். கஞ்சியும் பாலும் இறங்கும். ரொட்டியோ இறைச்சியோ என்றால் அடைத்துக்கொள்ளும்.

இரண்டு மருத்துவர்களும் தொண்டைக்குள் பார்ப்பதற்கு முன்பே கண்ணில் பட்ட சில விஷயங்களையும் குறித்து வைத்தார்கள். அந்தப் பெண்களின் நாக்கு வழவழப்பாக இருந்தது. கடைவாயில் வெடிப்பு. உதடு மெலிந்து போயிருந்தது. முகத்தில் ரத்தமே இல்லை. இன்றைக்கு எந்தப் பல் மருத்துவ மாணவரிடம் இந்த நான்கையும் சொன்னாலும், "இரும்புச்சத்து பார்த்தீங்களா?" என்று உடனே கேட்பார். 1919இல் அந்தக் கேள்வி இந்த நோயின் பக்கத்தில்கூட வரவில்லை. கெல்லி தன் கட்டுரைக்கு வைத்த தலைப்பே உணவுக்குழாயின் வாசலில் ஏற்படும் இறுக்கம் என்பதுதான். தசை இறுகுகிறது, அதனால் உணவு இறங்கவில்லை. ஏன் இறுகுகிறது என்பதற்குப் பதில் இல்லை.

அதே காலத்தில் அமெரிக்காவில், மின்னசோட்டா மாநிலத்தின் மேயோ கிளினிக்கில், ஹென்றி பிளம்மர், போர்ட்டர் வின்சன் என்ற இரண்டு மருத்துவர்களும் இதே நோயாளிகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வின்சன் 1922இல் எழுதிய கட்டுரையின் தலைப்பு 'ஹிஸ்டீரிகல் டிஸ்ஃபேஜியா'. விழுங்க முடியாமையோடு ஹிஸ்டீரியாவைச் சேர்த்து வைத்த பெயர். நம்ம ஊர் பேச்சில் சொன்னால், "எல்லாம் மனசுலதாம்மா இருக்கு."

ஹிஸ்டீரியா என்ற சொல் கருப்பையைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. தொண்டையில் அடைக்கிறது என்று சொல்லி வந்த பெண்ணுக்குக் கருப்பையின் பெயரால் ஒரு நோயைச் சூட்டி அனுப்பியிருக்கிறார்கள். வின்சன் மோசமான மருத்துவர் என்று இதற்குப் பொருள் இல்லை. தொண்டைக்குள் குழாய் விட்டு விரித்து, பலரைச் சாப்பிட வைத்தவர் அவர். அவருக்குக் கிடைத்த சொல் அதுதான். அந்தச் சொல் எங்கிருந்து வந்தது என்று பார்க்க வேண்டுமானால் இன்னும் பின்னால் போக வேண்டும்.

*

1554இல் ஜெர்மானிய மருத்துவர் யோஹன்னஸ் லாங்கே ஒரு நண்பருக்குக் கடிதம் எழுதினார். நண்பரின் மூத்த மகள் ஆன்னாவுக்கு உடம்பு சரியில்லை. கல்யாண வயது. முகம் வெளுத்துவிட்டது. படி ஏறினால், நடனமாடினால் மூச்சு வாங்குகிறது, நெஞ்சு படபடக்கிறது. கணுக்கால் வீங்குகிறது. சாப்பாட்டைக் கண்டாலே வெறுப்பு, அதிலும் இறைச்சி என்றால் வேண்டவே வேண்டாம். லாங்கே இதற்குக் கன்னியரின் நோய் என்று பெயரிட்டார். அவர் சொன்ன மருந்து, சீக்கிரம் கல்யாணம் செய்து வையுங்கள் என்பது.

அடுத்த நூற்றாண்டில் இதற்குக் குளோரோசிஸ் என்ற பெயர் வந்தது. பச்சை நிறத்தைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்த பெயர். மக்கள் வழக்கில் பச்சை நோய். ஷேக்ஸ்பியரின் 'ரோமியோ ஜூலியட்'டில், பார்த்த மாப்பிள்ளையைக் கட்டிக்கொள்ள மறுக்கும் ஜூலியட்டை அவளுடைய அப்பா திட்டும் வசவுகளில் இந்த நோயின் பெயரும் வருகிறது. மேடையில் சொன்னால் கூட்டத்துக்குப் புரியும் அளவுக்கு அது ஊரறிந்த நோய். கல்யாணமாகாத பெண்ணைக் குத்திக் காட்டப் பயன்படும் அளவுக்கு அவமானமும் அதோடு ஒட்டியிருந்தது.

இதில் வேடிக்கை என்னவென்றால் மருந்து சீக்கிரமே கிடைத்துவிட்டது. 17ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலேயே லண்டன் மருத்துவர் தாமஸ் சைடனம் இரும்புத் தூளை மதுவில் ஊறவைத்துக் கொடுத்தார். 1832இல் பிரெஞ்சு மருத்துவர் பியர் பிளோ இரும்பு சல்ஃபேட்டையும் பொட்டாசியம் கார்பனேட்டையும் சேர்த்து மாத்திரை செய்தார். பிளோ மாத்திரை ஐரோப்பா முழுக்க விற்றது. வெளுத்த பெண்கள் சிவந்தார்கள்.

ஆனால் மருந்து வேலை செய்வது ஒன்று, நோய் என்னவென்று ஒப்புக்கொள்வது வேறொன்று. இரும்பு கொடுத்தால் சரியாகிறது என்றால் குறைந்தது இரும்புதானே என்ற எளிய முடிவுக்கு வர மருத்துவ உலகம் மறுத்தது. மாத்திரையில் இருக்கும் இரும்பு உடம்பில் சேரவே சேராது என்று 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் பெரிய பெரிய வேதியியல் அறிஞர்களே வாதிட்டார்கள். மலம் கறுப்பாகப் போகிறதே, எல்லாம் வெளியேறிவிடுகிறது என்றார்கள். எடின்பரோவில் ரால்ஃப் ஸ்டாக்மன் 1893இல் இதைச் சோதனை செய்தே உடைத்தார். இரும்பைத் தோலுக்கடியில் ஊசியாகப் போட்டார். குடலுக்குள் போய்க் கரைகிற உறையில் வைத்தும் கொடுத்தார். இரண்டு வழியிலும் நோய் தணிந்தது. 1895இல் இந்தப் பெண்கள் என்ன சாப்பிடுகிறார்கள் என்று அளந்தும் பார்த்தார். அவர்கள் தட்டில் இரும்பு மிகக் குறைவாக இருந்தது.

அதாவது வின்சன் 'ஹிஸ்டீரிகல்' என்று எழுதுவதற்கு 27 வருடம் முன்பே பதில் அச்சில் இருந்தது. ரத்தத்துக்கு இரும்பு வேண்டும் என்று தெரிந்திருந்தது. நாக்குக்கும் தொண்டைக்கும் இரும்பு வேண்டும் என்று யாரும் யோசிக்கவில்லை.

*

நாக்கு எதற்காக இரும்பைக் கேட்கிறது?

கண்ணாடி முன் நின்று நாக்கை நீட்டிப் பாருங்கள். மேல்பரப்பு துணியின் இழை மாதிரி சொரசொரப்பாக இருக்கும். நுண்ணிய முளைகள் நெருக்கமாக நிற்பதால் வரும் தோற்றம் அது. வாயின் உள்தோல் உடம்பிலேயே வேகமாகத் தேய்ந்து புதிதாகிற பரப்புகளில் ஒன்று. காரமும் சூடும் பல்லின் கூர்மையும் தினமும் அதை உரசுகின்றன. ஒன்றிரண்டு வாரத்துக்குள் பழைய செல்கள் உதிர்ந்து புதியவை வந்துவிடும். புது செல் உண்டாக மரபுப் பொருள் நகலாக வேண்டும். அந்த வேலையைச் செய்கிற நொதிக்கு இரும்பு தேவை. செல் மூச்சு விடவும் இரும்புள்ள நொதிகள் தேவை. இரும்பு குறைந்தால் புதுப்பிக்கும் வேலை தளர்கிறது. முதலில் நாக்கின் முளைகள் தேய்கின்றன. நாக்கு வழுக்கையாகிறது. பிறகு காரம் பட்டால் எரிகிறது, அப்புறம் ஒன்றும் படாமலே எரிகிறது. கடைவாய் வெடிக்கிறது. உள்கன்னம் வெளிறி மெலிகிறது. தொண்டையின் கீழ்ப்பகுதியிலும் இதே தோல்தான். அங்கே மெல்லிய சவ்வு ஒன்று குறுக்கே வளர்ந்து வழியை அடைத்துவிடுவதுண்டு. கிளாஸ்கோ பெண்களுக்கு ரொட்டி இறங்காமல் போனது அதனால்தான்.

கணக்கையும் பார்த்துவிடலாம். ஒரு மனித உடம்பில் மொத்தமே 3 முதல் 4 கிராம் இரும்பு. பெண்களுக்கு அதிலும் குறைவு. இரண்டு ஆணி செய்தால் தீர்ந்துபோகும். ஆண் ஒருவர் நாளொன்றுக்கு ஒரு மில்லிகிராம் போல இழக்கிறார். மாதவிலக்கு இருக்கும் பெண்ணுக்கு அதற்கு மேல் அரை மில்லிகிராமுக்கும் கூடுதலாகப் போகிறது. ஒரு மில்லிலிட்டர் ரத்தத்தில் அரை மில்லிகிராம் இரும்பு. ஒரு பிரசவம் ஏறத்தாழ ஒரு கிராம் இரும்பைக் கேட்கிறது. மொத்தக் கையிருப்பே மூன்று சொச்சம் இருக்கும் இடத்தில் ஒரு கிராம்! நாலைந்து பிள்ளை பெற்று, வீட்டில் எல்லோரும் சாப்பிட்டபின் மிச்சத்தைச் சாப்பிட்ட பெண்ணின் கணக்கு எப்படி நேராகும்? அவளுக்கு வந்த நோய்க்கு மனதில் காரணம் தேட வேண்டியதில்லை. கூட்டல் கழித்தல் போதும்.

*

இந்த வரலாற்றில் பல்லுக்கும் ஓர் அத்தியாயம் உண்டு. கொஞ்சம் கசப்பான அத்தியாயம்.

லண்டனில் வில்லியம் ஹன்டர் என்ற மருத்துவர் இருந்தார். அவர் ஆராய்ந்தது வேறொரு ரத்தசோகையை. இரும்புக்குக் கட்டுப்படாமல், வந்தால் உயிரை வாங்கிய பெர்னிஷியஸ் அனீமியா. அந்த நோயாளிகளின் நாக்கும் சிவந்து, வழவழத்து, எரிந்தது. அந்த நாக்குக்கு இன்றும் ஹன்டரின் பெயர்தான். நாக்கையும் ரத்தத்தையும் இணைத்துப் பார்த்த அளவில் அவர் கண் கூர்மையானது. ஆனால் அம்பைத் தலைகீழாக வரைந்தார். ரத்தம் கெட்டதால் வாய் கெட்டது என்று எண்ணாமல், வாய் கெட்டதால்தான் ரத்தம் கெட்டது என்றார். சொத்தைப் பல்லின் சீழ் வயிற்றுக்குள் போய் உடம்பை விஷமாக்குகிறது என்று 1900இல் எழுதினார். 1910இல் கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் ஆற்றிய உரையில், சீழின் மேல் தங்கக் கிரீடம் கட்டி மூடுகிற பல் வைத்தியத்தைக் கடுமையாகச் சாடினார்.

அந்த உரை பற்றிக்கொண்டது. எந்த நோய்க்கும் வேர் பல்லில்தான் என்ற நம்பிக்கை அடுத்த இருபது, முப்பது வருடம் இங்கிலாந்தையும் அமெரிக்காவையும் ஆட்டி வைத்தது. மூட்டுவலியா, பல்லைப் பிடுங்கு. சோகையா, பல்லைப் பிடுங்கு. நியூ ஜெர்சியின் டிரென்டன் மனநல மருத்துவமனையில் ஹென்றி காட்டன் என்பவர் மனநோய்க்கும் பல்லைப் பிடுங்கினார்.

இரும்பு குறைந்த பெண்ணுக்கு இது இரட்டை அடி. விழுங்க முடியாத பெண்களில் பலர் சீக்கிரமே பல்லை இழந்தவர்கள் என்பதைப் பழைய விவரணைகள் குறிப்பிடுகின்றன. பல் போனால் இறைச்சியை மெல்ல முடியாது. ஊறவைத்த ரொட்டி, கஞ்சி, பால் என்று உணவு மெத்தென ஆகிறது. அவற்றில் இரும்பு மிகக் குறைவு. இரும்பு குறையக் குறைய வாய் எரிகிறது, எரிகிற வாய் இன்னும் மெத்தென்ற உணவைத் தேடுகிறது. செக்குமாடு மாதிரி ஒரே வட்டம். அந்த வட்டத்தில் இருக்கும் ஒருத்தியின் மிச்சப் பல்லையும் பிடுங்கினால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

ஹன்டரின் நோய்க்கு விடை 1926இல் வந்தது. பாஸ்டனில் ஜார்ஜ் மைனட்டும் வில்லியம் மர்ஃபியும் நோயாளிகளுக்கு ஈரலைச் சாப்பிடக் கொடுத்துப் பிழைக்க வைத்தார்கள். அவர்களுக்கு வழிகாட்டியது ஜார்ஜ் விப்பிள் நாய்களிடம் செய்த சோதனை. மூவரும் 1934இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்கள். இதில் ஒரு முரண். விப்பிளின் நாய்கள் ரத்தம் எடுக்கப்பட்டதால் சோகை பிடித்தவை. அவற்றை ஈரல் தேற்றியது அதிலிருந்த இரும்பால். மனிதர்களைப் பிழைக்க வைத்ததோ ஈரலிலிருந்த வேறு பொருள், பின்னாளில் பி12 என்று பெயர் பெற்றது. தவறான கதவைத் தட்டிச் சரியான வீட்டுக்குள் போன கதை.

ஒரே மாதிரி வழவழத்த நாக்கு. பின்னால் இருப்பதோ ஒன்றுக்கு மேற்பட்ட குறைகள். இந்தப் பாடத்தின் மூன்றாவது பகுதி நம் ஊரில் நடந்தது. லூசி வில்ஸ் என்ற ஆங்கிலேய மருத்துவர் 1928இல் பம்பாய் வந்தார். ஆலைத் தொழிலாளப் பெண்களுக்குக் கர்ப்ப காலத்தில் வரும் கடுமையான ரத்தசோகையை ஆராய்வது அவர் வேலை. அதன் தொடர்ச்சியாகக் குன்னூர் பாஸ்டர் நிறுவனத்திலும் பணியாற்றினார். 1931இல் மெட்ராஸ் கோஷா ஆஸ்பத்திரியிலும் இருந்தார். திருவல்லிக்கேணியில் இன்று கஸ்தூர்பா காந்தி மருத்துவமனை என்று பலகை இருந்தாலும் ஊர் வாயில் இன்னும் கோஷா ஆஸ்பத்திரிதான். இந்த நோய் இரும்புக்கு அடங்கவில்லை. மார்மைட் என்ற மலிவான ஈஸ்ட் பசைக்கு அடங்கியது. அதில் இருந்த பொருளை இன்று ஃபோலிக் அமிலம் என்கிறோம். நம் ஊர் கர்ப்பிணிகளுக்குத் தரும் மாத்திரையில் இரும்போடு ஃபோலிக் அமிலமும் சேர்ந்தே இருப்பதற்குப் பின்னால் இந்தப் பெண்களின் ரத்தம் இருக்கிறது.

*

விழுங்க முடியாத பெண்களுக்கு வருவோம். அவர்களுக்கு நியாயம் கிடைத்தது ஸ்வீடனில்.

ஸ்வீடனின் வட பகுதிகளில் இந்த நோய் மிகுதியாக இருந்தது. அங்கே மருத்துவர்களை உலுக்கிய விஷயம் இன்னொன்றும் இருந்தது. தொண்டையின் அடிப்பகுதியில் வரும் புற்றுநோய் மற்ற நாடுகளில் பெரும்பாலும் ஆண்களின் நோய். புகை, சாராயம் என்று காரணம் சொல்லிவிடலாம். ஸ்வீடனில் அது பெண்களுக்கு வந்துகொண்டிருந்தது. ஸ்டாக்ஹோம் ரேடியம்ஹெமெட் புற்றுநோய் மருத்துவமனையில் ஹான்ஸ் ஆல்பம் என்ற மருத்துவர் இந்தப் பெண்களின் பழைய கதையைக் கேட்டார். பலரும் புற்றுநோய்க்குப் பல வருடங்கள் முன்பிருந்தே வெளிறியவர்கள். நாக்கு எரிந்தவர்கள். தொண்டை அடைத்தவர்கள். 1936இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் அவர் எழுதிய கட்டுரை ரத்தசோகை, பிளம்மர் வின்சன் நோய், பெண்களின் வாய், தொண்டை, உணவுக்குழாய்ப் புற்றுநோய் மூன்றையும் ஒரே கோட்டில் நிறுத்தியது.

இங்கேதான் 'மனசுல இருக்கு' என்ற பேச்சின் விலை தெரிகிறது. அந்தப் பெண்கள் வருடக்கணக்காகச் சொல்லிக்கொண்டிருந்த அறிகுறி ஒரு முன்னறிவிப்பு. கேட்டிருந்தால் காலம் இருந்தது.

இரண்டு வருடம் கழித்து, 1938இல், யான் வால்டன்ஸ்ட்ரோம் என்ற இளம் மருத்துவர் இரும்பும் உடம்பின் மேல்தோலும் என்ற பொருளில் ஒரு கட்டுரை எழுதினார். அவர் கையில் ஒரு புதுக் கருவி இருந்தது. ரத்தச் சிவப்பை மட்டுமல்லாமல், ரத்தத்தின் திரவத்தில் மிதக்கிற இரும்பையும் அளக்கும் முறை அப்போதுதான் மருத்துவமனைக்கு வந்திருந்தது. ஜெர்மனியில் லுட்விக் ஹைல்மையர் 1937இல் அதைப் பற்றி நூலே வெளியிட்டிருந்தார். வால்டன்ஸ்ட்ரோம் சொன்னது இதுதான்: நாக்கு, உதடு, நகம், தொண்டை இவற்றின் கோளாறுகளுக்கு ரத்தசோகை காரணம் அல்ல. இரும்பு இல்லாததுதான் காரணம். ரத்தத்தில் சிவப்பு குறையுமுன்பே திசு பட்டினி கிடக்கலாம். அந்த நிலைக்கு அவர் சைடிரோபீனியா என்று பெயர் வைத்தார். சைடிரோஸ் என்றால் இரும்பு. பீனியா என்றால் வறுமை. இரும்பு வறுமை.

எவ்வளவு பொருத்தமான சொல் பாருங்கள். கருப்பையிலிருந்து பெயர் வந்த நோய் கடைசியில் வறுமையிலிருந்து பெயர் பெற்றது.

1944இல் ஸ்வீடன் கோதுமை மாவில் இரும்பு சேர்க்கத் தொடங்கியது. போருக்குப் பிறகு நாட்டின் சாப்பாடும் மாறியது. பிள்ளைப்பேறு குறைந்தது, கர்ப்ப காலக் கவனிப்பு கூடியது, பற்களின் நிலை மேம்பட்டது. புகைக்கும் நுரையீரல் புற்றுநோய்க்கும் உள்ள தொடர்பை நிறுவியவர்களில் ஒருவரான எர்ன்ஸ்ட் வைண்டர் ஸ்வீடனுக்கு வந்து இந்தப் பெண்களை ஆராய்ந்து 1957இல் கட்டுரை எழுதினார். 1975இல் ஸ்வீடன் ஆய்வாளர்கள் திரும்பிப் பார்த்தபோது நோய் அருகிக்கொண்டிருந்தது. மாவில் போட்ட இரும்பு மட்டும்தான் காரணமா, இல்லை எல்லா மாற்றங்களும் சேர்ந்தா என்று தராசில் நிறுத்துப் பிரிப்பது கடினம். 1995இல் மாவில் இரும்பு சேர்ப்பதையும் நிறுத்திவிட்டார்கள். ஆனால் ஒன்று நிச்சயம். அந்த நாட்டுப் பெண்களின் மனசை யாரும் மாற்றவில்லை. தட்டைத்தான் மாற்றினார்கள்.

*

பல் மருத்துவரின் நாற்காலி இந்தக் கதைக்குள் முறையாக நுழைவது இதற்குப் பிறகுதான். அமெரிக்காவில் வில்லியம் டார்பி 1946இல் இரும்புக் குறைவின் வாய் அறிகுறிகள் என்றே தலைப்பிட்டு ஒரு கட்டுரை எழுதினார். 1961இல் கார்டிஃபில், அதாவது பேட்டர்சனின் அதே ஊரில், ஆலன் ஜேக்கப்ஸ் நோயாளிகளின் உள்கன்னச் செல்களை எடுத்து, இரும்புள்ள நொதிகள் அவற்றில் குறைந்திருப்பதைக் காட்டினார். வால்டன்ஸ்ட்ரோம் ஊகித்ததற்குச் செல்லுக்குள்ளேயே சாட்சி கிடைத்தது.

1975இல் கெல்லியின் ஊரான கிளாஸ்கோவிலிருந்து இன்னொரு செய்தி. பல் மருத்துவமனைக்குத் திரும்பத் திரும்ப வரும் வாய்ப்புண்ணோடு வந்த 130 பேரின் ரத்தத்தைச் சோதித்தார்கள். 23 பேருக்கு இரும்போ ஃபோலிக் அமிலமோ பி12ஓ குறைந்திருந்தது. குறைந்ததைக் கொடுத்ததும் அவர்களில் பெரும்பாலோரின் புண் ஆறியது. எல்லா வாய்ப்புண்ணுக்கும் இரும்புதான் காரணம் என்று இதற்குப் பொருள் இல்லை. 130இல் 107 பேருக்கு அப்படி எந்தக் குறையும் இல்லை. ஆனால் அந்த 23 பேருக்குப் புண்ணில் தடவும் மருந்து மட்டும் கொடுத்து அனுப்பியிருந்தால், ரத்தத்தில் இருந்த குறையை யாரும் பார்த்திருக்க மாட்டார்கள்.

1969இல் சார்லஸ் கோல்ட்மன் என்ற அமெரிக்க மருத்துவர் எழுதிய கட்டுரை ஐஸ்கட்டிப் பைத்தியம் பற்றியது. இரும்பு குறைந்தவர்களில் சிலர் ஐஸ்கட்டியைத் தட்டுத் தட்டாகக் கடித்துத் தின்றார்கள். இரும்பு கொடுத்ததும் அந்த ஆசை விட்டுப்போனது. ஐஸைக் கடித்தே பல்லில் விரிசல் விழுந்தவர் முதலில் போய் நிற்பது பல் டாக்டரிடம்தான்.

நமக்கு ஐஸ்கட்டி கொஞ்சம் அந்நியம். பல்பம் அந்நியம் இல்லை. சிலேட்டுக் குச்சியை ஒளித்து வைத்துத் தின்ற சிறுமி, அரிசிப் பானைக்குள் கை விட்டுப் பச்சரிசியை அள்ளி மெல்லும் பெண், சாம்பலையோ செங்கல் பொடியையோ நக்கும் பிள்ளைத்தாய்ச்சி, எல்லோரும் நமக்குத் தெரிந்தவர்கள். மசக்கை என்று சிரித்துவிடுகிறோம், கெட்ட பழக்கம் என்று கையில் அடிக்கிறோம். இதில் சிலருக்காவது உடம்பு இரும்பைத் தேடிக்கொண்டிருக்கலாம் என்று தோன்றுவதில்லை.

நம்மிடம் நாக்கைப் பார்க்கும் மரபு இல்லாமலில்லை. சித்த மருத்துவத்தின் எண்வகைத் தேர்வில் நாடிக்கும் விழிக்கும் இணையாக நாவும் ஒன்று. வெளுத்துப்போகும் நோய்க்குப் பாண்டு என்று பெயர் உண்டு, அதற்கு இரும்பிலிருந்து செய்யும் அயச் செந்தூரமும் உண்டு. பார்க்கவும் தெரியும், மருந்தும் தெரியும். ஆனாலும் வீட்டில் ஒருத்தி வாய் எரியுது என்றால் நாம் சொல்வது ஒரே சொல்: சூடு. "உடம்பு சூடும்மா, மோர் குடி." "ராத்திரி கண்ணு முழிக்காதே." இல்லாவிட்டால் மெடிக்கலில் ஒரு பி காம்ப்ளெக்ஸ் மாத்திரை. மணத்தக்காளிக் கீரையும் மோரும் யாருக்கும் கெடுதல் செய்யாது. சிக்கல் அந்தச் சொல்லில் இருக்கிறது. ஹிஸ்டீரியா அவர்களுக்குச் செய்த வேலையை நமக்குச் சூடு செய்கிறது. ஒரு பெயர் கிடைத்துவிட்டது, இனி கேட்க ஒன்றுமில்லை.

கேட்க நிறைய இருக்கிறது. 2019-21இல் எடுத்த ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வின்படி இந்தியாவில் 15 முதல் 49 வயதுவரையுள்ள பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. ஆண்களில் 25 சதவீதம். இதெல்லாமே இரும்புக் குறைவு அல்ல. பி12, ஃபோலிக் அமிலம், கிருமி, பரம்பரை என்று வேறு காரணங்களும் உண்டு. ஆனால் இரண்டு எண்களுக்கும் இடையிலுள்ள தூரத்தைப் பாருங்கள். 1970லிருந்து அரசு இரும்பு மாத்திரை கொடுத்துவருகிறது. வாரம் ஒருநாள் பள்ளியில் கொடுத்த நீல மாத்திரையை இதை வாசிக்கும் பெண்களில் சிலர் விழுங்கியிருப்பீர்கள், சிலர் வாயில் அதக்கி வெளியே துப்பியிருப்பீர்கள். குமட்டும், மலம் கறுக்கும், எதற்கென்று யாரும் சொல்லித்தர மாட்டார்கள்.

காய்ச்சல் வராமல் பொது மருத்துவரிடம் போகாத பெண்கூடப் பல்வலி தாங்க முடியாமல் பல் டாக்டரிடம் போவாள். அங்கே வெளிச்சம் நேராக வாய்க்குள் விழுகிறது. நாக்கு கண்ணெதிரே கிடக்கிறது. நாற்காலியில் இருப்பவள் வந்தது கடைவாய்ப் பல்லின் சொத்தைக்காக இருக்கலாம், அம்மாவுக்குப் பல் செட் அளவெடுக்கக்கூட இருக்கலாம். செட் போட்டதிலிருந்து வாய் எரிகிறது என்று புகார் சொன்னால், செட்டைத் தேய்த்துக் கொடுப்பதோடு ரத்தத்தையும் பார்க்க வேண்டும் என்பதைத்தான் மேலே சொன்ன ஊர்கள் எல்லாம் கற்றுக்கொண்டன. நாக்கை மட்டும் பார்த்து இரும்பு மாத்திரை எழுதிவிடவும் கூடாது. அதே நாக்கு பி12 குறைந்தாலும் வரும், பூஞ்சை பிடித்தாலும் வரும். நாற்பது ஐம்பது வயதுக்கு மேல் காரணமின்றி இரும்பு குறைந்தால் வயிற்றிலோ குடலிலோ எங்கேயோ ரத்தம் கசிகிறதா என்று தேட வேண்டும். நாக்கு சந்தேகத்தைக் கிளப்பும். தீர்ப்பைச் சோதனைதான் சொல்லும்.

அமெரிக்காவில் இந்த நோயைப் பிளம்மர் வின்சன் என்பார்கள். பிரிட்டனில் பேட்டர்சன் கெல்லி. யார் முதலில் கண்டார்கள் என்று நெடுநாள் சச்சரவு. நான்கு பெயரும் மருத்துவர்களுடையவை. தொண்டை அடைத்த பெண்களில் ஒருத்தியின் பெயரும் பாடப்புத்தகத்துக்கு வரவில்லை. மொத்த வரலாற்றிலும் நமக்குக் கிடைப்பது 1554இல் படி ஏற முடியாமல் மூச்சு வாங்கிய ஆன்னாவின் பெயர் மட்டும். கல்யாணம் பண்ணிவைத்தால் சரியாகிவிடும் என்று சொன்னார்களே, அவளுக்குச் சரியானதா என்று யாரும் எழுதி வைக்கவில்லை.

அடுத்த தடவை வீட்டில் யாராவது "காரமே ஒத்துக்கல, நாக்கு எரியுது" என்றால் நாக்கை நீட்டச் சொல்லிப் பாருங்கள். இழை தெரிகிறதா, வழுக்கையாக இருக்கிறதா? கடைவாய் வெடித்திருக்கிறதா? படி ஏறினால் மூச்சு வாங்குகிறதா, மாதாமாதம் அதிகமாகப் போகிறதா, அரிசி மெல்லும் பழக்கம் இருக்கிறதா என்று கேளுங்கள். பிறகு ஒரு ரத்தப் பரிசோதனைக்குக் கூட்டிப்போங்கள். மோரை வந்து குடித்துக்கொள்ளலாம்.